கலஹாவின் தேயிலைக் காற்றும் எனது மடிக்கணினியும்

கண்டியிலிருந்து கலஹாவுக்கு வரும் பேருந்து, பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் வீதியாலேயே வந்து சேரும். அந்த வீதியின் பெயரே கலஹா வீதிதான். கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில், ஊருக்குச் செல்லும் பேருந்தைப் பிடிக்க அவ்வீதியோரத்தில் காத்து நின்ற மாலைகள் பல. பின்னர் கொழும்பில் பத்திரிகைத் தொழிலில் மூன்று தசாப்தங்கள் கழிந்தன. இப்பொழுது மீண்டும் ஊரோடு இருக்கிறேன். வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவில் தேயிலை. அதற்கு மேலே ஒரு தொழிற்சாலையின் புகைபோக்கி.

வரலாற்றுக் கட்டுரை எழுதும் இப்பக்கத்தில் கணினி பழுதுபார்த்த கதைக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் எனது மடிக்கணினி சூடேறி அணைந்துபோன விவகாரத்தின் காரணத்தைத் தேடிச் சென்றபோது, அது என்னை 19ஆம் நூற்றாண்டின் தேயிலைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. ஆகவே தொடக்கத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

தெல்தோட்டைப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று பெட்டி நிறையப் பழைய அச்சுத்தாள்களைச் சேர்த்து வைத்திருந்தார். கோயில் கும்பாபிஷேக மலர்கள், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள், தோட்டப் பாடசாலை ஆண்டு மலர்கள் என 1950களிலிருந்து 1970கள் வரையானவை. கையால் தொட்டால் ஓரம் உதிரும் நிலை. பிள்ளைகளோடு வெளிநாடு செல்லவிருந்த அவர், தைப்பொங்கலுக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அவற்றை என்னிடம் ஒப்படைத்தார். அறுநூறுக்கு மேற்பட்ட பக்கங்கள். எல்லாவற்றையும் படமெடுத்தேன். ஆனால் படமெடுத்தால் மட்டும் போதாது. அவற்றில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்க வேண்டும். ஏனெனில் தேடுவோர் இருக்கின்றனர்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் விதி பின்னர் 1974இல் பாதிக்குப் பாதியாகத் தீர்மானிக்கப்பட்டது. இவ்வாறு கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நீலகிரியில், கூடலூரில், கோத்தகிரியில் வாழ்கின்றனர். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாட்டு அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்ததும், அதுவே பின்னர் டான்டீ என்ற கூட்டுத்தாபனமாகியதும் பலர் அறிந்ததே. கூடலூரிலிருந்து ஒரு பெண், தன் பாட்டனார் கலஹாப் பக்கத்தில் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று அறிய முடியுமா எனக் கேட்டு எழுதியிருந்தார். அவரிடமிருந்தது ஒரு பெயரும் தகப்பன் பெயரும் மட்டுமே. எனது அவசரத்துக்குக் காரணம் அக்கடிதம்தான்.

அச்சுப் படத்தை எழுத்தாக மாற்ற டெஸரக்ட் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினேன். 1980களில் ஹியூலட் பக்கார்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் உருவாகி, 2005இல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியதாகத் திறந்துவிடப்பட்டது அது. தமிழையும் ஓரளவு நன்றாகவே வாசிக்கும். எனது மடிக்கணினியில் இருப்பது உபுண்டு லினக்ஸ். ஒரு கட்டளை கொடுத்தால் போதும், பக்கம் பக்கமாகத் தானே வாசித்துக்கொண்டு போகும். நானும் கட்டளையைக் கொடுத்துவிட்டுத் தேநீர் ஊற்றச் சென்றேன். திரும்பி வந்தபோது திரை இருண்டிருந்தது. கணினி முற்றாக அணைந்திருந்தது.

மின்வெட்டு என்றுதான் முதலில் எண்ணினேன். 2022ஆம் ஆண்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்த அனுபவம் எம்மை எதற்கும் அதனையே காரணமாகச் சொல்லப் பழக்கியிருக்கிறது. ஆனால் மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. மீண்டும் இயக்கினேன், பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் மீண்டும் அணைந்தது. மின்கம்பியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் மட்டும் ஓட்டினேன். அப்போதும் அதே கதை. செய்தி வாசிக்கும்போதோ கட்டுரை தட்டச்சும்போதோ நாள் முழுக்க ஓடும் கணினி, டெஸரக்டைத் தொட்டால் மட்டும் செத்துப்போனது.

கண்டியில் கணினித் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் தொலைபேசியிலேயே தீர்ப்பை வழங்கிவிட்டார். லினக்ஸ் போட்டால் அப்படித்தான், மடிக்கணினி சூடேறும், விண்டோஸைப் போட்டுவிடுங்கள் என்றார். ஒரு தரப்பை மட்டும் கேட்டுச் செய்தி எழுதுவது எனது வழக்கமல்ல. ஆகையால் அந்தக் குற்றச்சாட்டின் பூர்வீகத்தை விசாரித்தேன்.

அதற்கு ஒரு பூர்வீகம் இருக்கத்தான் செய்கிறது. ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை ஆரம்பித்தபோது, மடிக்கணினியின் விசிறியை யார் சுழற்றுவது என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசொப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் ஏ.சி.பி.ஐ. என்ற விதிமுறையை வெளியிட்டன. மின்சாரத்தையும் வெப்பத்தையும் கவனிக்கும் அதிகாரத்தை அது இயங்குதளத்தின் கையில் கொடுத்தது. ஒவ்வொரு கணினியின் உள்ளேயும் அதன் வெப்ப எல்லைகள் ஓர் அட்டவணையாக எழுதப்பட்டிருக்கும்: இந்தப் பாகையில் விசிறியை வேகப்படுத்து, இந்தப் பாகையில் செயலியை மெதுவாக்கு, இந்தப் பாகையில் உயிர் தப்பப் படுத்துவிடு என்று. அவ்வட்டவணையை எழுதிய தயாரிப்பாளர்கள் பலர் விண்டோஸில் மட்டும் அதனைப் பரிசோதித்துவிட்டுச் சந்தைக்கு அனுப்பினார்கள். பிழைகள் லினக்ஸின் தலையில் விழுந்தன. 2003 டிசம்பரில் வெளியான 2.6ஆம் பதிப்புக் காலத்திலும் அதன் பின்னரும் இத்தொல்லைகள் தொடர்ந்தன. ஆகவே நண்பரின் கூற்று முற்றிலும் பொய்யல்ல, காலாவதியான உண்மை.

இவ்விடத்தில் ஒரு சிறு இடைச்செருகல். கண்டிக்கும் கலஹாவுக்கும் இடையே எழுந்து நிற்கும் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கி ஒரு லினக்ஸ் நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்ட ஹந்தான லினக்ஸ்தான் அது. எம்மூர் மலை உலகக் கணினிப் பட்டியலில் ஏறியதை எம்மூரில் எத்தனை பேர் அறிவார்களோ.

லினக்ஸில் எனக்குப் பிடித்த குணம், அது நாட்குறிப்பு எழுதும். முந்தைய இயக்கத்தின் பதிவேட்டைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தேன். அபாய வெப்பநிலை எட்டப்பட்டது, நிறுத்துகிறேன் என்ற பொருளில் கேர்னல் எழுதி வைத்துவிட்டே போயிருந்தது. அதாவது கணினி செயலிழக்கவில்லை. தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே படுத்துவிட்டது. அவ்வரி இல்லாமல் பதிவு பாதியில் அறுந்திருந்தால் வேறு வகையாக விசாரிக்க வேண்டியிருந்திருக்கும். செயலிக்குள்ளேயே இருக்கும் கடைசிப் பாதுகாப்பு எதையும் எழுத அவகாசம் தராமல் மின்னை வெட்டிவிடும், அல்லது மின்வழங்கலிலேயே கோளாறு இருக்கும். எனக்கு வாக்குமூலம் எழுத்தில் கிடைத்தது.

அடுத்து உணரிகளைப் பார்க்கும் சிறு மென்பொருளை நிறுவினேன். சும்மா இருக்கும்போதே 62 பாகை செல்சியஸ். டெஸரக்டைத் தொடங்கியதும் ஒரு நிமிடத்தில் 90ஐத் தாண்டியது, பின்னர் 97, அதன் பிறகு 100. விசிறி சுழலவில்லையா என்று பார்த்தால், நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் சுழல்வதாகக் காட்டியது. சத்தமும் கேட்டது. இங்கேதான் நான் குழம்பிப்போனேன்.

தற்காலிகமாக ஒரு வழி செய்தேன். செயலி தன் வழக்கமான வேகத்துக்கு மேல் பாயும் வசதியை நிறுத்தி, நான்கு கோர்களில் ஒன்றை மட்டும் பயன்படுத்துமாறு டெஸரக்டுக்குக் கட்டளையிட்டேன். கணினி அணையவில்லை. ஆனால் வேலை நத்தை வேகத்தில் நகர்ந்தது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் அண்ணன் வந்தார். அண்ணன் என்று நான் அழைப்பது எமது பகுதித் தொழிற்சாலையொன்றில் பல்லாண்டு டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவரை. மாலையில் பத்திரிகை வாசிக்க வருவார். நான் தலையில் கைவைத்திருப்பதைக் கண்டு என்னவென்று கேட்டார். 97 பாகை, 100 பாகை என்று நான் விளக்கியதும் சிரித்தார்.

"நம்ம டிரையருக்குள்ள போற காத்தும் அந்தச் சூடுதான் தம்பி. சூட்டப் பாத்து என்ன செய்ய? காத்து வெளிய போகுதான்னு பாருங்க."

மேசையில் கிடந்த பத்திரிகையின் ஓரத்தை மெல்லிய நாடாவாகக் கிழித்து, கணினியின் பக்கவாட்டுத் துவாரத்துக்கு எதிரே பிடித்தார். விசிறி இரைந்துகொண்டிருந்தது. தாள் அசையவில்லை.

"இது காயல தம்பி, புழுங்குது."

புழுங்குதல் என்ற அச்சொல்லுக்குத் தேயிலைத் தொழிலில் ஒரு குறிப்பான பொருள் உண்டு. கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்த பின்னர், ஏறத்தாழ பாதிக்கு மேல் ஈரமாக இருக்கும் தூளை உலர்த்தியினுள் அனுப்புவர். உள்ளே செல்லும் காற்று 90 முதல் 100 பாகை வரை சூடாக இருக்கும். இருபது நிமிடமளவில் ஈரம் 3 சதவீதமளவுக்கு இறங்கி வெளியேற வேண்டும். அடுப்பு நன்றாக எரிந்தும் காற்றோட்டம் போதாவிட்டால், தூள் காயாமல் தன் ஈரத்திலேயே வெந்துபோகும். தேநீரின் உயிர் போய்விடும். அதனால் நல்ல டீமேக்கர் அடுப்பின் சூட்டைப் பார்ப்பதோடு நிற்கமாட்டார். வெளியேறும் காற்றின் சூட்டைப் பார்ப்பார். அது 50, 55 பாகையளவில் நின்றால் நிம்மதி. வெப்பமும் காற்றும் இரு வேறு கணக்குகள் என்பதை அண்ணன் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. ஸ்டோரில் படித்தார். தொழிற்சாலையை எம்மவர் இன்றும் ஸ்டோர் என்றே சொல்கின்றனர்; கோப்பிக் காலத்துச் சொல் அது, கோப்பி அழிந்தும் அழியவில்லை.

அந்தக் கோப்பி அழிந்த கதைக்கும் கலஹாவுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. கலஹாவிலிருந்து தெல்தோட்டை ஊடாக மேலே ஏறினால் லூல்கந்துர தோட்டத்தை அடையலாம். ஸ்கொட்லாந்து இளைஞரான ஜேம்ஸ் டெய்லர் 1852இல் இலங்கைக்கு வந்து, அங்கே கோப்பித் தோட்டத்தில் வேலைக்கமர்ந்தார். 1867இல் 19 ஏக்கரில் அவர் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத் துரு தோன்றியது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற அப்பூஞ்சணத்துக்குத் தோட்டத்துரைமார் நாசகார எமிலி என்று பட்டப்பெயர் வைத்தனர். சிரித்தவர்கள் சில ஆண்டுகளில் தோட்டங்களை விற்றுவிட்டு ஊர் திரும்பினர். எஞ்சியவர்கள் டெய்லரின் சரிவைப் பார்த்துத் தேயிலைக்கு மாறினர்.

டெய்லரின் முதலாவது தொழிற்சாலை அவரது பங்களாவின் விறாந்தைதான். மேசையில் கொழுந்தைப் பரப்பிக் கையாலேயே, மணிக்கட்டு முதல் முழங்கை வரை அழுத்தி உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி மூட்டி, அதன்மேல் கம்பித் தட்டுகளில் தூளை வைத்து உலர்த்தினார்கள். உருட்டினார்கள், உலர்த்தினார்கள் என்ற வினைகளுக்கு எழுவாய் யார் என்பதைப் பழைய நூல்கள் சொல்வதில்லை. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தவர்களின் கைகள் அவை. 1872இல் டெய்லர் உருட்டும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். 1892இல் லூல்கந்துரவிலேயே காலமானார். அவரது உடலைத் தொழிலாளர் தோளில் சுமந்து கண்டிவரை நடந்து வந்து மஹியாவை மயானத்தில் அடக்கம் செய்தனர். கல்லறையை இன்றும் காணலாம். சுமந்தவர்களின் பெயர்கள் கல்லில் இல்லை.

உருட்டுவதற்கு இயந்திரம் வந்துவிட்டது. உலர்த்துவதற்கு? அதற்கு விடை இலங்கையிலிருந்து வரவில்லை; அசாமின் கச்சார் பகுதியிலிருந்து, பெல்பாஸ்ட் வழியாக வந்தது. சாமுவேல் கிளிலண்ட் டேவிட்சன் என்ற அயர்லாந்துக்காரர் 1864இல், பதினெட்டு வயதுகூட நிரம்பாத நிலையில் கச்சாரில் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அங்கும் கரியடுப்புத்தான். புகை தூளில் ஏறும். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் ஈரமாயிருக்கும். நெருப்பைத் தூளுக்குக் கீழே வைக்காமல், நெருப்பால் காற்றைச் சூடாக்கி அக்காற்றைத் தூளின் ஊடாகச் செலுத்தினால் என்ன என்று அவர் யோசித்தார். 1870களில் உலர்த்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1881இல் பெல்பாஸ்டில் சிறொக்கோ என்ற பெயரில் பொறியியல் தொழிற்சாலையை நிறுவினார். சஹாராவிலிருந்து மத்தியதரைக் கடலைக் கடந்து வீசும் வெப்பக்காற்றின் பெயர் அது. சிறொக்கோ உலர்த்திகள் அசாமுக்கும் இலங்கைக்கும் கப்பலேறின.

ஆரம்பத்தில் அவ்வியந்திரங்களில் சூடான காற்று தானாக மேலெழும் இயல்பையே நம்பியிருந்தார்கள். அது போதவில்லை. காற்றைத் தள்ள விசிறி வேண்டும். அக்காலத்து மையவிலக்கு விசிறிகளில் நீண்ட, அகன்ற சில தகடுகளே இருந்தன. பெரும்பாலான வலு வீணாகியது. டேவிட்சன் பல காலம் பரிசோதித்து, 1898இல் வேறொரு வடிவத்தை அடைந்தார். ஒரு வளையத்தின் விளிம்பில் ஒடுக்கமான சிறு தகடுகளை நெருக்கமாக, அதிக எண்ணிக்கையில் நிறுத்தினார். தகடுகள் சுழலும் திசையை நோக்கி முன்புறமாக வளைந்திருந்தன. நடுவிலிருந்து காற்றை இழுத்து, விளிம்பு வழியாகப் பக்கவாட்டில் எறியும். பருமனில் சிறியது, ஆனால் தள்ளும் காற்றோ அதிகம். தேயிலைக்காக உருவான அவ்விசிறி விரைவிலேயே கப்பல்களின் கொதிகலன் அறைகளுக்கும் சுரங்கங்களுக்கும் கட்டடங்களுக்கும் சென்றது. டேவிட்சன் 1921இல் சேர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் மறைந்தார். இன்றும் முன்வளைந்த தகடுகளையுடைய அவ்வகைச் சக்கரத்தைப் பொறியியலாளர்கள் சிறொக்கோ விசிறி என்றே அழைக்கின்றனர்.

கணினி பிறந்த நாள் தொட்டு அதற்கும் காற்றுத் தேவைப்பட்டது. 1946இல் அமெரிக்காவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக், 17 ஆயிரத்துக்கு மேற்பட்ட வெற்றிடக் குழாய்களோடு ஏறத்தாழ 150 கிலோவாற்று மின்சாரத்தை விழுங்கியது. அதனைக் குளிர்விக்க ஊதிகளை ஓட்டினார்கள். அதன் பின்னர் சிலிக்கன் சில்லு வந்து சூட்டைக் குறைத்தது போலத் தோன்றியது. 1980களின் மேசைக் கணினிச் செயலிகளுக்குப் பெரும்பாலும் தனி விசிறியே இருக்கவில்லை. 1993இல் பென்டியம் வந்த பிறகு செயலியின் தலையில் ஒரு விசிறி இருப்பது வழக்கமாயிற்று. வேகத்தோடு சூடும் ஏறியது. 2001இல் ஒரு கணினி இணையத்தளம் வெளியிட்ட காணொளி நினைவுக்கு வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து குளிர்விக்கும் உலோகக் கட்டியைக் கழற்றிவிட்டார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துத் தப்பியது. அத்லன் செயலி புகைந்து கருகியது. 2004இல் இன்டெல் நிறுவனம் டெஜாஸ் என்ற தன் அடுத்த செயலித் திட்டத்தையே கைவிட்டது. சூட்டையும் மின் நுகர்வையும் கட்டுப்படுத்த முடியவில்லை. ஒரே குதிரையை இன்னும் வேகமாக ஓட்டுவதை நிறுத்தி, பல குதிரைகளைப் பூட்டும் காலம் அதன் பின் வந்தது. எனது கணினியின் நான்கு கோர்களும் அந்தத் தோல்வியின் பிள்ளைகளே.

மடிக்கணினியில் இட நெருக்கடி அதிகம். செயலியின் மேல் ஒரு பசை. பசையின் மேல் செப்புத் தகடு. தகட்டிலிருந்து ஒரு தட்டையான செப்புக் குழாய். அக்குழாயினுள் துளியளவு நீர் சூட்டில் ஆவியாகி மறுமுனைக்குச் சென்று, அங்கே குளிர்ந்து நீராகித் திரும்பும். 1963இல் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் செய்து காட்டிய உபாயம் இது. மறுமுனையில் மெல்லிய செப்புத் தகடுகள் சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக நிற்கும். அவற்றின் இடுக்குகளினூடாகக் காற்றை ஊதித் தள்ள வேண்டியது ஒரு சிறு விசிறி. மறுநாள் காலையில் அண்ணனை அருகில் வைத்துக்கொண்டு கணினியைப் புரட்டி, அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றி, முதலில் மின்கலத் தொடுப்பை விடுவித்து, பின்னர் அவ்விசிறியின் மூடியைத் திறந்தேன். பழைய ஐந்து ரூபாய்க் குற்றியைவிடச் சற்றே பெரிய சக்கரம். விளிம்பில் ஒடுக்கமான சிறு தகடுகள். எண்ணினேன், 37. எல்லாம் முன்னோக்கி வளைந்திருந்தன.

அண்ணன் குனிந்து பார்த்தார். பார்த்தவர், "இது நம்ம டிரையர் ஃபேன் குட்டியில்ல" என்றார்.

விசிறிக்கும் செப்புச் சீப்புக்கும் நடுவே கம்பளி விரித்தது போல ஒரு படை படிந்து, பற்களை முற்றாக மூடியிருந்தது. வீட்டுத் தூசி சாம்பல் நிறமாக இருக்கும், இது மண்ணிறம். அண்ணன் விரலால் ஒரு துண்டைக் கிள்ளி முகர்ந்தார். தேயிலைப் பஞ்சு. கொழுந்தின் நுண்ணிய மயிர்களும் நார்களும் சலிக்கும்போது பறந்து தொழிற்சாலையெங்கும் படியும். டொலர் தட்டுப்பாட்டுக் காலத்தில் நான் இரண்டாம் கையாக வாங்கிய இந்தக் கணினியின் முந்தைய உரிமையாளரான இளைஞர், ஒரு தொழிற்சாலைக் காரியாலயத்தில் வேலை பார்த்தவர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விசிறி பழுதாகவில்லை. லினக்ஸும் குற்றவாளியல்ல. விசிறி தன் கடமையைச் செய்துகொண்டேயிருந்தது. அடைத்த கதவின் முன்னால்.

இதே நிலையில் தவிக்கும் வாசகர்களுக்காக, செய்ததைச் சொல்லிவிடுகிறேன். படையை முதலில் இடுக்கியால் கம்பளி உரிப்பது போல முழுத்துண்டாக எடுத்தோம். ஊதினால் அது பற்களுக்குள் இன்னும் ஆழமாகப் போயிருக்கும். எஞ்சியதை மென்மையான வர்ணத் தூரிகையால் தட்டினோம். காற்றூதியைப் பயன்படுத்தும்போது விசிறியை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்; கட்டற்றுச் சுழன்றால் அதன் அச்சு கெடக்கூடும். செப்புத் தகட்டைக் கழற்றியபோது பழைய பசை சுண்ணாம்பு போலக் காய்ந்து உதிர்ந்தது. அற்ககோலால் துடைத்து, கண்டியில் வாங்கிய புதிய பசையைப் பச்சைப்பயறு அளவுக்கு வைத்து, திருகாணிகளை மூலைக்கு மூலை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கினோம். பசையை அதிகம் அப்பினால் நல்லது என்று எண்ணுவோர் உண்டு. அது சூட்டைக் கடத்துவதற்கான பாலமே தவிர மெத்தையல்ல.

மீண்டும் இயக்கினேன். சும்மா இருக்கும்போது 44 பாகை. முன்னர் விதித்த கட்டுகளை நீக்கி, நான்கு கோர்களோடும் டெஸரக்டை ஓடவிட்டேன். 70, 75, 78. அங்கே நின்றது. அண்ணன் மறுபடி அந்தத் தாள் நாடாவை எடுத்துத் துவாரத்துக்கு எதிரே பிடித்தார். அது கொடி போலப் பறந்தது. கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப எக்ஸாஸ்ட் சரி" என்று சான்றிதழ் வழங்கினார்.

மூன்று இரவுகளில் அறுநூற்றுச் சொச்சம் பக்கங்களும் முடிந்தன. பொங்கலுக்கு நான்கு நாட்கள் இருக்கையில் பெட்டிகளை ஆசிரியரிடம் ஒப்படைத்தேன். பிறகு கூடலூர்ப் பெண் அனுப்பிய பெயரைத் தேடினேன். கிடைக்கவில்லை. பழைய ஈய அச்சில் தேய்ந்த எழுத்துகளை டெஸரக்ட் தன் இஷ்டத்துக்கு வாசித்திருக்கும் என்பதால், பெயரின் ஒவ்வோர் எழுத்தாக விட்டுவிட்டுத் தேடினேன். 1961ஆம் ஆண்டுக் கும்பாபிஷேக மலர் ஒன்றின் நன்கொடையாளர் பட்டியலில், ழகரம் மகரமாகத் திரிந்த நிலையில் அவர் இருந்தார். தகப்பன் பெயரும் பொருந்தியது. பட்டியல் வேலைப் பிரிவுகளாக அச்சிடப்பட்டிருந்தது. மலை வேலையாட்கள், கவ்வாத்துக்காரர் என்று போய், ஸ்டோர் தொழிலாளர் என்ற தலைப்பின் கீழ் ஆறாவது பெயர். எதிரே 2 ரூபா 50 சதம்.

பக்கத்தின் படத்தைக் கூடலூருக்கு அனுப்பிவிட்டு, மாலையில் வந்த அண்ணனிடம் விடயத்தைச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார்.

"ஸ்டோர்லயா? எந்த மெசின்ல நின்னாராம்?" என்று கேட்டார்.

அது அந்தப் பட்டியலில் இல்லை.